தோற்றது மன உறுதியா, தேர்ந்த வழியா?

புத்தாண்டிலோ, மருத்துவர் எச்சரித்த மறுநாளிலோ ஒருவர் சங்கல்பம் செய்துகொள்கிறார்: இன்று முதல் சோறு இல்லை, சர்க்கரை இல்லை, எண்ணெய் இல்லை, இரவு உணவும் இல்லை. முதல் வாரத்தில் எடை விரைந்து இறங்குகிறது. இரண்டாம் மாதத்தில் அந்த வேகம் குறைகிறது. மூன்றாம் மாதத்தில் ஒரு திருமண விருந்தில் சங்கல்பம் குலைகிறது. ஆண்டு முடிவில், குறைந்த எடை முழுவதும் திரும்பி வந்ததோடு மேலும் இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

இந்த நிகழ்ச்சியில் எடை கூடியது சிறிய இழப்பே. ‘என் சொல்லை என்னாலேயே காக்க இயலவில்லை, நான் மன வலிமை அற்றவன்’ என்று அவர் தம்மைப் பற்றி எழுதிக்கொள்ளும் தீர்ப்புதான் பெரிய இழப்பு. அந்தத் தீர்ப்பு உறுதிப்பட்டுவிட்டால் அடுத்த முயற்சிக்கு அவர் துணியமாட்டார். நீரிழிவின் வாசலில் நிற்பவர் ஒருவர் முயற்சியையே கைவிட்டால் அதன் விளைவை அவர் மட்டுமின்றி அவருடைய குடும்பமும் சுமக்க நேரிடும். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயதுவந்த பெண்களில் 24 விழுக்காட்டினரும் ஆண்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரும் மிகை எடை உடையவர்கள். எனவே இது ஒரு சிலரின் தனிப்பட்ட கவலை மட்டுமன்று.

அந்தத் தீர்ப்பு சரியானதுதானா? தோற்றது அவருடைய மன உறுதியா, அல்லது அவர் தேர்ந்துகொண்ட வழியா? இக்கேள்வியைப் பொறுமையுடன் ஆராய்ந்தால், மீண்டும் தொடங்குவதற்கான ஊக்கம் எங்கிருந்து வரும் என்பதும் விளங்கும்.

பசியின் ஆட்சி

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிவதற்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதை நடத்தியவர் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர். மனச்சான்றின் காரணமாகப் போரில் பங்கேற்க மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாகவே முன்வந்தனர். கொள்கைக்காக உலகின் ஏளனத்தைத் தாங்கிக்கொண்ட அவர்களிடம் மன உறுதிக்குக் குறைவில்லை. 1945இல் 24 வாரங்களுக்கு, நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி அளவிலான உணவே அவர்களுக்கு அளிக்கப்பட்டது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் பல கடும் உணவுமுறைகள் இதைவிடக் குறைவான உணவையே அனுமதிக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

அவர்கள் தம் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். அவர்களுடைய மனத்திலும் பெரும் மாற்றம் நேர்ந்தது. உரையாடல், கனவு, பகல் நினைவு அனைத்தையும் உணவு ஆக்கிரமித்தது. அதற்கு முன் சமையலில் நாட்டமில்லாதவர்கள்கூட சமையல் குறிப்பு நூல்களைத் தேடிப் படித்தனர். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு நிறைய உண்டும் திருப்தி அடையவில்லை. பல வாரங்கள் அளவுக்கு மிஞ்சி உண்டனர்.

உணவைப் பற்றிய ஓயாத நினைவும், கட்டுப்பாடு தளர்ந்ததும் எழும் பெருந்தீனியும் ஒழுக்கக்கேட்டின் அடையாளங்கள் என்று பலர் கருதுகின்றனர். அவை பட்டினியின் இயல்பான விளைவுகள் என்பதை இந்த ஆய்வு தெளிவாக்கியது. உறுதி மிக்க இளைஞர்களுக்கே நேர்ந்த ஒன்று, அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இல்லறத்தாருக்கு நேர்ந்தால் அதில் வியப்பு என்ன?

உடலின் காவல்

முதல் வாரத்தில் எடை வேகமாக இறங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. உடல் தன் ஈரலிலும் தசைகளிலும் ‘கிளைகோஜன்’ என்ற மாவுப்பொருளைச் சேமித்து வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்கியிருக்கும். உணவு திடீரெனக் குறைந்ததும் இந்தச் சேமிப்பு கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. எடை குறைந்திருக்கும், கொழுப்போ சிறிதளவே கரைந்திருக்கும். பின்னர் வேகம் தணியும்போது, தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக அவர் கலங்குகிறார். உண்மையில் அப்போதுதான் இயல்பான கணக்கு தொடங்குகிறது.

அதன்பின் உடல் தன்னைக் காத்துக்கொள்ள முற்படுகிறது. பசி அடங்கியதை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவில் வைத்து நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. உணவுமுறை முடிந்து ஓராண்டு கழிந்த பின்னரும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று அது காட்டியது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. போட்டியின்போது அவர்கள் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தனர். ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வு நிலையில் அவர்களுடைய உடல் செலவிட்ட ஆற்றல், அவர்களுடைய உடலளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது.

பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடு இது. அதைப் பகைவனாகக் கருதி முட்டி மோதுபவர் களைத்துப்போவார். அதை அறிந்து, அதன் போக்கை ஒட்டி மெல்ல வழிநடத்துபவர் பயன்பெறுவார். முரட்டுக் குதிரையைப் பட்டினி போட்டு யாரும் பழக்குவதில்லை.

மனத்தின் கண்ணி

உடலின் எதிர்ப்போடு மனத்தின் தர்க்கப்பிழை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் இனிப்பான பால் பானம் தரப்பட்டது. பிறகு ஐஸ்கிரீம் வைக்கப்பட்டது. கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் பானம் அருந்தியபின் குறைவாக உண்டனர். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, பானம் அருந்தாதபோது உண்டதைவிட, அருந்தியபின் அதிகமாக உண்டனர்.

‘முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு?’ என்ற பழமொழி இதை அப்படியே படம்பிடிக்கிறது. ஒரு லட்டு வாய்க்குள் போனதும் விரதம் முறிந்தது என்று மனம் தீர்மானிக்கிறது; அதன்பின் நான்கு லட்டுக்கும் தடையில்லை. இங்கே கேடு விளைவித்தது முதல் லட்டு என்று சொல்வதற்கில்லை. ‘முழுமை, இல்லையேல் பூஜ்யம்’ என்ற கணக்கே கேடு விளைவித்தது. விதி எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவு எளிதில் அது முறிகிறது. முறிந்தவுடன் வரும் குற்ற உணர்வு மேலும் உண்ணத் தூண்டுகிறது.

2007இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு மாற்றையும் காட்டியது. கட்டுப்பாடாக உண்ணும் பெண்களுக்கு எண்ணெயில் பொரித்த ஓர் இனிப்பு தரப்பட்டது. பின்னர் அவர்களுள் ஒரு பகுதியினரிடம், எல்லோரும் இத்தகையவற்றை உண்பதுண்டு, இதற்காகத் தம்மைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை என்று பரிவாக எடுத்துரைக்கப்பட்டது. அடுத்து மிட்டாய்கள் வைக்கப்பட்டபோது, பரிவான சொல்லைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே உண்டனர். தன்னைக் கடிந்துகொள்வது கட்டுப்பாட்டை வளர்க்கும் என்ற பொதுநம்பிக்கைக்கு இது நேர்மாறானது.

விரதமும் பட்டினியும்

பாரதத்தில் உணவைத் துறப்பது புனிதமான சாதனையாகப் போற்றப்படுவதால், ‘விரதம் உயர்ந்ததாயின் கடும் உணவுக் கட்டுப்பாடும் உயர்ந்ததுதானே?’ என்ற ஐயம் எழலாம். உபவாசம் என்ற சொல்லுக்கு ‘அருகில் வசித்தல்’ என்பது பொருள். மனத்தை உயர்ந்த ஒன்றின் அருகில் நிறுத்துவதற்காக, குறிப்பிட்ட ஒரு நாளில் உணவு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. எடைக்காகப் பட்டினி கிடப்பவரின் மனமோ நாள் முழுதும் உணவின் அருகிலேயே வசிக்கிறது. வெளித்தோற்றம் ஒன்றாயினும் உள்ளே திசை எதிரானது.

நோக்கம் மறந்தால் விரதமும் தடம் மாறிவிடும். ‘ஏகாதசி, துப்பட் காஷி’ என்று மராட்டியில் ஒரு வேடிக்கை வழக்கு உண்டு. ஏகாதசியன்று இரட்டிப்பாக உண்பது என்று பொருள். தானியம் தவிர்க்கப்படும் அந்நாளில் ஜவ்வரிசிக் கிச்சடியும் வறுத்த உருளைக்கிழங்கும் தட்டை நிறைப்பதைக் கண்டு மக்களே கட்டிய எள்ளல் அது.

சித்தார்த்தரின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. உருவேலாவின் காட்டில் எலும்பும் தோலுமாகும்வரை உணவைக் குறைத்த அவர், அவ்வழி தெளிவைத் தராது என்று கண்டு, சுஜாதை அளித்த பால்சோற்றை ஏற்றார் என்று பௌத்த மரபு கூறுகிறது. உடன் தவம் செய்த ஐவர் அதை வீழ்ச்சி என்று கருதி அவரை விட்டு அகன்றனர். அவரோ வழியை மட்டுமே மாற்றினார், இலக்கைக் கைவிடவில்லை. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயமும், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று இரு எல்லைகளையும் ஒருசேர விலக்குகிறது. மிதம் என்பது இரண்டாந்தரமான சமரசம் என்று எண்ணுபவர்கள் இந்த இரண்டையும் சிந்திக்கலாம்.

எண்ணும் நோக்கமும்

தோல்விக்குப்பின் ஊக்கம் வறண்டுபோவதற்கு மற்றொரு காரணம், அது எடைக் கருவியின் எண்ணை மட்டுமே நம்பியிருப்பதாகும். எடையின் எண் உப்பு, நீர், உறக்கம், மலச்சிக்கல் ஆகியவற்றால் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அதில் ஊக்கத்தைக் கட்டிவைப்பது அலையில் படகைக் கட்டுவது போன்றது.

இதற்குச் சென்னையில் நடைபெற்ற ஆய்வொன்று சிறந்த சான்று. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் சீரமைத்துக்கொண்டவர்களில் அது ஏறத்தாழ 39 விழுக்காடாகக் குறைந்தது. வியப்பு என்னவென்றால், இந்த நன்மை குறிப்பிடத்தக்க எடைக்குறைவு இல்லாமலேயே கிடைத்தது. எடைக் கருவி எதையும் அறிவிக்காத நாட்களிலும் நல்ல பழக்கம் உள்ளே தன் பணியைச் செய்துகொண்டிருந்தது. எண் அசையவில்லை என்று சலித்துப் பழக்கத்தைக் கைவிடுபவர், கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டிருக்கும் செல்வத்தை உதறுகிறார்.

எடை ஒன்றே அளவுகோலாகாது என்பதற்கு 2004இல் வெளியான ஒரு குறிப்பும் துணைநிற்கிறது. புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக், ஆங்கிலேய மருத்துவர் யூட்கின் இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடலின் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஆகவே இந்தியர்கள் இடுப்புச் சுற்றளவையும் கவனிப்பது அவசியம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கென 2009இல் வகுக்கப்பட்ட எல்லை.

நோக்கம் யாருடையது என்பதும் முக்கியம். 1996இல் வெளியான ஆய்வொன்று, எடைக்குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 128 பேரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பிறரின் வற்புறுத்தலாலோ வெட்கத்தாலோ சேர்ந்தவர்களைவிட, தம் சொந்த ஏற்பினால் சேர்ந்தவர்கள் தொடர்ந்து வந்தனர். குறைந்த எடையையும் கூடுதலாகக் காத்தனர். ‘உறவினர் கேலி செய்கின்றனர்’ என்ற காரணம் கேலி நின்றதும் வலுவிழக்கும். ‘படியேறும்போது மூச்சு வாங்கக் கூடாது, பேரக்குழந்தையைத் தூக்க வேண்டும், பத்மாசனத்தில் அரை மணி நேரம் அமர வேண்டும்’ என்ற காரணம் ஒவ்வொரு காலையிலும் புதிதாகவே இருக்கும்.

அபியாசத்தின் இலக்கணம்

பயிற்சி வேரூன்றுவதற்குப் பதஞ்சலி முனிவர் மூன்று இயல்புகளைக் கூறுகிறார்: நெடுங்காலம், இடையறாமை, ஈடுபாடு. தீவிரம் என்பது அவற்றுள் இல்லை. கடும் உணவுமுறையில் தீவிரம் உண்டு, நெடுங்காலம் இல்லை. ‘எத்தனை நாள் தாங்குவேன்?’ என்று எண்ணத் தோன்றும் எந்த முறையும் அபியாசமாகாது. ‘பத்தாண்டுகளுக்குப் பின்னும் மகிழ்வுடன் இவ்வாறே உண்பேனா?’ என்பதே உரைகல்.

புனே நகரின் ஓர் அலுவலரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எடை 80 கிலோ. காலையில் அவல் உப்புமா, பகலில் ரொட்டியும் பருப்பும் சோறும், மாலையில் வடாபாவ், நாளுக்கு நான்கு முறை இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட தேநீர். முன்பு இவை அனைத்தையும் ஒரே நாளில் துறந்து தோற்றவர் அவர். இப்போது அவர் தேநீரிலிருந்து தொடங்கலாம். எட்டுச் சிறு கரண்டி சர்க்கரை ஏறத்தாழ 32 கிராம். இது 2015இல் உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதெனச் சொன்ன 25 கிராமைக் கடந்துவிட்டது. கரண்டியைப் பாதியாக்கினால் அளவு 16 கிராமாகும். சில வாரங்களில் நாவே பழைய தேநீரைத் திகட்டலாக உணரும்.

அது பழகியபின் அடுத்த படி: தட்டின் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குவது, சோற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாக முளைகட்டிய பயறோ பருப்போ சேர்ப்பது. புரதமும் நாரும் பசியை நெடுநேரம் அடக்கும். அதற்கும் அடுத்தது, இரவு உணவுக்குப்பின் பதினைந்து நிமிட நடை. பின்னர் அதை வாரத்துக்கு 150 நிமிடமாக உயர்த்துவது. வடாபாவை அவர் சபிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் என்பது வாரம் ஒருமுறை என்றானால் போதும். வாரத்துக்கு அரைக் கிலோவோ அதற்கும் குறைவோ இறங்கினால் போதுமானது. நான்கு கிலோ, அதாவது எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நன்மை தெரியத் தொடங்கும்.

பழக்கம் எத்தனை நாளில் இயல்பாகும்? இலண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நடுத்தர அளவாக 66 நாட்கள் என்று கண்டது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பது அவ்வாய்வின் மற்றொரு செய்தி. இடையறாமை என்பதற்கு ஒருபோதும் தவறாமை என்று பொருள்கொண்டு அஞ்ச வேண்டியதில்லை. தவறியபின் அடுத்த வேளையிலேயே திரும்பிவிடுவதாக அதைக் கொள்ளலாம். தியானத்தில் அலைந்த மனத்தைத் திட்டாமல் மீண்டும் அழைத்து வருவது போல.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, 13.6 கிலோவுக்கு மேல் இழந்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்களைப் பதிவு செய்து வருகிறது. அவர்களுள் பெரும்பாலோர் முன்பும் முயன்று எடை திரும்பியவர்களே. நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேர உடலுழைப்பும், வாரம் ஒருமுறையேனும் எடை பார்ப்பதும் அவர்களிடம் பொதுவாகக் காணப்படுகின்றன. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரை காத்துவிட்டவர்களுக்கு அதன்பின் காப்பது எளிதாகிறது. முன்னைய தோல்வி அவர்களுக்குத் தடையாக நிற்கவில்லை.

மருத்துவத் துணை

தைராய்டுக் குறைபாடு, சில மருந்துகள், உறக்கக்குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் எடையைக் கூட்டும். அவற்றை மன உறுதியால் மட்டும் வெல்ல முயல்வது வீண். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். கட்டுக்கடங்காமல் உண்பதும், பின் அதை வெளியேற்ற முயல்வதும் நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. பசியைத் தணிக்கும் டிர்செபடைட், செமாக்ளுடைட் ஆகிய ஊசி மருந்துகள் 2025இல் இந்தியாவில் எடைக்குறைப்புக்கும் விற்பனைக்கு வந்தன. மருத்துவரின் மேற்பார்வையில் அவற்றை ஏற்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஆயினும் செமாக்ளுடைட்டை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து எடுப்பவருக்கும் பழக்கமே நிலைத்த துணை.

சிந்தனைக்கும் பயிற்சிக்கும்

1. எடை குறைய வேண்டும் என்பதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக. அது பிறரின் பார்வையைப் பற்றியதா, தம் வாழ்வைப் பற்றியதா?

2. முந்தைய முயற்சி எந்த நாளில் முறிந்தது? அந்நாளில் பசி, களைப்பு, தனிமை, விருந்து ஆகியவற்றுள் எது முன்னின்றது? நீதிபதியாக இல்லாமல் மருத்துவரைப் போல அதை நோக்குக.

3. பத்தாண்டுகள் செய்யத்தக்க ஒரு சிறு மாற்றத்தைத் தேர்க. அது இயல்பாகும்வரை இரண்டாவதைச் சேர்க்க வேண்டாம்.

4. ‘தவறினால் என்ன செய்வேன்?’ என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க. அடுத்த வேளையில் வழக்கமான உணவு. ஈடுகட்டப் பட்டினி வேண்டாம்.

5. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பார்க்க. அதனருகில் உறக்கம், படியேறும் எளிமை, இடுப்பளவு ஆகியவற்றையும் குறிக்க.

கடும் கட்டுப்பாட்டில் தோற்றவர் தம் மன உறுதியை இழந்துவிடவில்லை. பல மாதங்கள் பசியை எதிர்த்து நின்றதே அந்த உறுதிக்குச் சான்று. அவர் அதைத் தவறான பணியில் ஈடுபடுத்தினார், அவ்வளவே. உடலை ஒறுப்பதிலிருந்து விடுவித்து, உடலைப் பேணும் பணியில் அதே உறுதியை அமர்த்தினால், இன்றைய இரவு உணவுக்குப்பின் நடக்கும் பதினைந்து நிமிடங்களில் அது மீண்டும் தன் முகத்தைக் காட்டும்.